இந்தியாக் கணக்கு

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், போன் திருத்தும் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில் ஒரு நானாவின் கடை இருக்கிறது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முன்னால் போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கும். உள்ளே ஒரு பச்சைத் திரைச்சீலை. அதற்குப் பின்னால் பழைய கேம் பெட்டிகளும் டிஸ்க்குகளும் அடுக்கியிருப்பார். பதுளையில் வீடியோ கேம் விளையாடுகிற எல்லாருக்கும் அந்தத் திரைச்சீலை தெரியும். சேலை கட்டிக்கொண்டு, பாடசாலையிலிருந்து நேராக வந்து, அதை விலக்கி உள்ளே போகிற புவியியல் டீச்சர் நான் ஒருத்திதான். பையன்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பிள்ளைக்கு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. எனக்குத்தான் வாங்குகிறேன் என்று நான் யாருக்கும் விளக்கம் சொன்னதும் இல்லை.

கேம் விலை ஏறியதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அரிசி விலை இருக்கிறது, பால்மா விலை இருக்கிறது, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்பார்கள். அந்த விலைகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நான் இழந்தது ஒரு வீடு. அது ஒரு கேமுக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நியமனம் கிடைத்து முதல் சம்பளம் நிலுவையோடு சேர்ந்து வந்தபோது, நானும் தங்கச்சியும் டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவள் அப்போது ஒரு துணிக்கடையில் நின்றாள். நாள் முழுக்க நின்றே வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு உட்கார்ந்து செய்யும்படி ஏதாவது வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். நானாவிடம் பழைய பெட்டி ஒன்று வாங்கினோம். அவருடைய முறை எளிது. ஒரு டிஸ்க்கை விளையாடி முடித்தால் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்சம் காசு சேர்த்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும்போது டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துக் கீறல் பார்ப்பார்.

எங்கள் டிஸ்க்குகள் நேராக அவரிடம் திரும்பிப் போகாது. சனிக்கிழமை நமுனுகுல பஸ்ஸில் ஏறி நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போகும். தொழிலாளர்களின் ஒட்டிய வீட்டு வரிசையான லயத்தில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பெட்டி வைத்திருந்தது மூன்று வீடு. அந்த மூன்று வீட்டுக்கும் போய், விளையாடத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் கையும் பட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் நானாவின் லைட்டுக்குக் கீழே வரும். ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல ரொட்டி சுட்டீங்களா?" என்று கேட்டார். ஒருவர் வாங்கிய பொருளை லயமே பாவிப்பது எங்களுக்குப் புதிதல்ல. சம்பலுக்கு அம்மி அப்படித்தான், கல்யாணத்துக்குக் கதிரை அப்படித்தான்.

பிறகு தங்கச்சி கட்டாருக்குப் போனாள், ஒரு சுப்பர்மார்க்கெட்டில் கேஷியர் வேலைக்கு. அவள் போன பிறகு இங்கே காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசை வந்தது. ரூபாய் சரிந்தது. பல சாமான்களை இறக்குமதி செய்யவே விடவில்லை. நானாவின் திரைச்சீலைக்குப் பின்னால் டிஸ்க் அடுக்கு மெலிந்துகொண்டே போனது. இருந்ததன் விலையை அவர் பழைய விலைக்கு மேலேயே ஒட்டினார். ஒரு ஸ்டிக்கருக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் உரித்துப் பார்த்தால் ஒரு டிஸ்க்கில் நாலு விலை இருந்தது. அடியில் இருந்த விலைக்கு இப்போது டிஸ்க்கின் வெற்று உறைகூட வராது.

"என்ன நானா, இது நீங்க எனக்கு வித்த டிஸ்க். நான் திருப்பிக் குடுத்தது. இதுக்கு எப்படி வெல ஏறும்? இது கடையிலயேதானே கெடந்துச்சு?"

"டீச்சர், நான் என்ன செய்யட்டும்? புதுசு வாங்கப் போனா அந்த வெலதானே. டொலர் ஏறிட்டு."

டொலர் ஏறியபோது ஏறிய விலை, டொலர் இறங்கியபோது இறங்கவில்லை. அதைக் கேட்டபோது நானா கையை விரித்தார். அவரைச் சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் அதே காலத்தில் கேம் செய்கிற கம்பனிகளும் உலகம் முழுக்க விலையைக் கூட்டின. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் செலவு கூடிவிட்டது என்பது. வெலிமடையில் உருளைக்கிழங்கு விலை ஏறினால் எனக்குக் காரணம் புரியும். மழை அடித்திருக்கும், கிழங்கு அழுகியிருக்கும், லொறிக்கு டீசல் இருந்திருக்காது. கேமுக்கு மழை இல்லை, லொறி இல்லை. டிஸ்க்கையே நிறுத்திவிட்டு வயர் வழியாக அனுப்புகிறார்கள். அழுகாத, பாரமில்லாத, களஞ்சியம் தேவைப்படாத ஒரு சாமான் வருடத்துக்கு வருடம் எப்படி விலை ஏறும் என்று எந்தப் புத்தகத்தை வைத்தும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"அதான் டீச்சர், வாங்காம விட்டா போச்சு" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஆட்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று எப்போதும் வேறு யாராவதுதான் முடிவு செய்திருக்கிறார்கள். காம்பராவுக்கு ஜன்னல் தேவையில்லை என்று யாரோ ஒருவர் முடிவு செய்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தார். கொழுந்து எடுக்கிறவளின் மகளுக்குக் கேம் தேவையில்லை என்பதும் அந்த வரிசையில்தான் வருகிறது. எனக்குத் தேவை. நான் சம்பாதிக்கிறேன், எனக்குத் தேவை.

உண்மையில் அப்போது எனக்குத் தேவைப்பட்டது கேம்கூட இல்லை, தங்கச்சி. அவளுடைய அறையில் நாலு பேர். போனில் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் போகமாட்டாள். அவள் அறையில் இருந்த ஒரு பெண் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது தன்னுடைய கேம் பெட்டியை இவளிடம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் தங்கச்சி குரலில் பழைய சத்தம் கேட்டது. "அக்கா, ஒரே கேம ரெண்டு பேரும் வாங்குனா, அங்கயும் இங்கயும் இருந்து சேந்து விளையாடலாமாம். நீ நானாக்கிட்ட கேளு."

நானா கேட்டுவிட்டு உற்சாகமாகிவிட்டார். அதற்கு நெட்டில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும், கேமை அந்தக் கணக்கில் வாங்க வேண்டும், சேர்ந்து விளையாட மாதச் சந்தாவும் கட்ட வேண்டும் என்றார். "இந்தியா கணக்கு ஒண்டு திறப்பம் டீச்சர். அங்கத்த வெல கொறவு. காசு போட்ட கிஃப்ட் கார்ட் நம்பர் நான் எடுத்துத் தாறன்." கடை டிவியிலேயே பெட்டியைப் பொருத்தி, மளமளவென்று தட்டி, நாடு என்ற இடத்தில் இந்தியாவைப் போட்டார். விலாசம் கேட்ட இடத்தில் நிறுத்தி, ஒரு துண்டுக் காகிதத்தைத் தந்தார். சென்னையில் அவருடைய சொந்தக்காரர் யாரோ வைத்திருக்கும் பிரியாணிக் கடையின் விலாசம். "எல்லாருக்கும் இதத்தான் குடுக்குறது. வீட்ட போய் இத அப்பிடியே அடிச்சிருங்க." பதுளையில் கேம் விளையாடுகிற பையன்கள் அத்தனை பேரும் அந்தக் கம்பனியின் ஏட்டில் ஒரே பிரியாணிக் கடையில் குடியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் அந்த விலாசத்தைப் போடவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். பல்கலைக்கழகக் கடிதம் எனக்கு அப்படித்தான் பதினோரு நாள் பிந்தி வந்தது. வீட்டு இலக்கம், தெரு, கிராமம் என்று தனித்தனிப் பெட்டி போட்ட படிவங்களைப் பார்த்தாலே எனக்குச் சிறுவயதிலிருந்து உடம்பு கூசும். எல்லாப் பெட்டியிலும் கோடு போட்டுவிட்டு ஒரு பெட்டியில் மட்டும் தோட்டத்தின் பெயரை எழுதுவோம். அன்றைக்கு அதே பெட்டிகள் டிவியில் வந்து நின்றன. மேலே இந்தியா என்று இருந்தது.

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருப்பது எனக்குத் தெரியும். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் ஒப்பந்தம் செய்த காலத்தில் தாத்தாவுக்காகத் தயாரித்த காகிதம். அதில் பூர்வீகம் என்ற இடத்தில் ஊர், தாலுகா, திருச்சி ஜில்லா எல்லாம் தட்டச்சில் இருக்கும். கீழே வட்ட முத்திரை. முறை வருவதற்குள் தாத்தா இறந்துவிட்டார், மற்றவர்கள் போகவில்லை. எந்த நாட்டுக்கும் சேராமல் இருந்து, இருந்து, அப்பா கையில் இந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்தபோது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஊரை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் இந்தியாவில் எங்களுக்கு என்று ஒரு ஊர் இருக்கும்போது எதற்குப் பிரியாணிக் கடை என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். எல்லாப் பெட்டியும் நிரம்பின. தபால் குறியீட்டை மட்டும் போனில் தேடி, பக்கத்தில் தெரிந்த ஏதோ ஒரு டவுனின் எண்ணைப் போட்டேன். கணக்குத் திறந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

நாங்கள் வாங்கிய கேமில் சண்டை கிடையாது. ஆளில்லாத ஒரு தீவு தருவார்கள். மரம் வெட்டி, கல் பொறுக்கி, நட்டு வளர்த்து, வீடு கட்டிக்கொள்ள வேண்டியது. தீவு என் கணக்கில் இருந்தது. நான் திறந்தால்தான் தங்கச்சி கட்டாரிலிருந்து உள்ளே வரலாம். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு நாலு மணிக்குத்தான் வேலை. எனக்குப் பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடும். இரண்டரைக்கெல்லாம் நான் சேலையைக்கூட மாற்றாமல் தீவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டுத் திட்டம் முழுக்க அவளுடையது. முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். "அக்கா, சுத்தி நடக்குற மாதிரி எடம் விடு. எந்தப் பக்கமும் அடுத்த வீட்டுச் செவரு ஒட்டக் கூடாது."

"தீவுல நம்மள விட்டா யாருடி இருக்கா ஒட்டுறதுக்கு?"

"இல்லக்கா, இருந்தாலும்."

சரிவில் கட்டினோம். சமையலறைக்குத் தனிப் புகைபோக்கி. அப்பாவுக்குத் தனி அறை, மலை தெரிகிற பக்கம் ஜன்னல். வாசல் நிலைக்கு மேல் இரண்டு பலகைத் துண்டைக் குறுக்கே வைத்துச் சிலுவை செய்தாள். கல் பொறுக்கவே ஏழு வெள்ளிக்கிழமை போனது. கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள். நாலு பேர் இருக்கும் அறையில் போனில் பேசாததையெல்லாம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் மரம் வெட்டிக்கொண்டு பேசினாள். சுப்பர்வைசர் வேண்டுமென்றே இவள் கையைத் தொட்டுக் காசு கொடுப்பதைப் பற்றி அவள் சொன்னது கூரை போட்ட அன்றைக்குத்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

அப்பா என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலையிலேயே இடுப்பு ஒடிந்தவர் அவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வழிந்தோட வெட்டும் வாய்க்கால்தான் கான். வீடு எழும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேல்பக்கம் கான் எங்க?"

"இதுல மழை பெஞ்சாலும் மண்ணு கரையாதுப்பா. சும்மா படந்தான்."

"அதெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ வெட்டு."

வெட்டினோம். அவர் சொன்ன சாய்வில், அவர் சொன்ன அகலத்தில், வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும். அவர் சிரிப்புக்குச் சொல்லவில்லை. நாங்கள் தீவைத் தொடங்குவதற்கு முந்திய மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. அதிகாரிகள் வந்து மண்சரிவு அபாயம் என்று எழுதி மாட்டிவிட்டு, எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். மாற்று வீடு தருவதாகச் சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். பெயர் இன்னும் எழுதினபடியே இருக்கிறது. சிலர் லுணுகலைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அப்பா என் வாடகை அறைக்கு வந்தார். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு என்று நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்தது அந்தத் தீவில் மட்டும்தான். நாங்கள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் சந்தா ஏறியது. ஒரு தடவை ஏறி, நாங்கள் பழகுவதற்குள் இன்னொரு தடவை ஏறியது. இந்தியாவிலும் விலையைக் கூட்டிவிட்டார்கள் என்று நானா சொன்னார். மீன் வாங்குவதைக் குறைத்தேன், சந்தாவை நிறுத்தவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தீவைத் திறந்தபோது வீட்டுக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. புதுப் பதிப்பு வெளிவருகிறது. பழையது மூன்று மாதத்தில் நிறுத்தப்படும். தீவை அப்படியே கொண்டுபோக விரும்புகிறவர்கள் புதுப் பதிப்பை வாங்க வேண்டும். விலை பழையதைப் போல ஒன்றரை மடங்கு.

நன்றாக யோசித்துப் பாருங்கள். கல் பொறுக்கியது நாங்கள். மரம் வெட்டியது நாங்கள். கான் வெட்டியது எங்கள் அப்பா சொல்லி. அதையெல்லாம் நாங்களே வைத்துக்கொள்ள இன்னொரு தடவை காசு. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தும், முன்னால் ஒரு பலா மரம் நட்டால் அது தோட்டத்துக்குச் சொந்தம் என்று சொன்ன தோட்டத் துரைமார் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அவர்களாவது மரத்தை நட்டவனிடமே விற்கவில்லை.

தங்கச்சி உடனே தன்னுடையதை வாங்கிவிட்டாள், கட்டார் விலைக்கு. எனக்கு மூன்று மாதமும் தேவைப்பட்டது. கடைசி வாரத்தில் நானாவிடம் கார்ட் நம்பர் வாங்கிக்கொண்டு வந்து, வாங்கு என்ற பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றி நின்றது. புதுப் பதிப்புக்காகச் சரிபார்த்ததில் உங்கள் விலாசமும் தபால் குறியீடும் பொருந்தவில்லை, பாதுகாப்புக்காகக் கணக்கு முடக்கப்படுகிறது, வசிப்பிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணத்தை அனுப்புங்கள் என்று வந்தது. தீவைத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை.

பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினேன். அப்பா என்ன என்று கேட்டார். இந்தியாவில் இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்றேன். அவர் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத அனுப்பு. கவர்மெண்டு சீலு இருக்கு."

"அப்பா, இது தாத்தாவோடது. நாம இங்க இருக்கோம்."

"ஊரு நம்ம ஊருதானே? பொய்யா சொல்றோம்?"

பட்டம் படித்தவள், பிள்ளைகளுக்கு உலகப் படம் கற்பிக்கிறவள், நான் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். அனுப்பும்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. அந்த வட்ட முத்திரையைப் பார்த்தால் யாராவது ஒருவருக்கு ஏதாவது புரியும் என்று நம்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. ஆவணம் ஏற்கத்தக்கதல்ல. பொய்யான வசிப்பிடத் தகவல் தந்ததால் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. அதில் வாங்கியவை எதையும் இனி பயன்படுத்த முடியாது. பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

பொய்யான தகவல் என்ற சொல்லை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியவில்லை. நான் அந்த ஊரில் இல்லை என்பது சரிதான், நான் செய்தது பிழைதான். ஆனால் எங்கள் தாத்தா காலத்திலிருந்து நீங்கள் இந்தியர்கள், நீங்கள் இந்தியர்கள் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு கதவையும் சாத்தினார்கள். அவர்கள் சொன்னபோது அத்தாட்சி கேட்டவர் ஒருவரும் இல்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நானாக ஆமாம் என்று சொன்னேன், அதுவும் ஒரு கேம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக. அதற்குத்தான் அத்தாட்சி போதவில்லை.

நானாவிடம் போனேன். கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் தந்த அட்ரஸயா போட்டீங்க?"

இல்லை என்றேன். எதைப் போட்டேன் என்று சொன்னேன்.

"ஏன் டீச்சர் அப்பிடிச் செஞ்சீங்க? எங்கட பொடியன்மார் எல்லாரும் அந்தக் கடை அட்ரஸ்லதானே இருக்கானுங்க. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒரு பிரச்சின இல்ல."

பக்கத்தில் நின்ற பையன்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று தெரிந்தது. நானா சிரிக்கவில்லை. கார்ட் நம்பருக்கு நான் கொடுத்த காசில் பாதியைத் தன் கையிலிருந்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பனிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில். காசு வேண்டாம், கேம்கள் வேண்டாம், அந்த ஒரு தீவை மட்டும் வேறு கணக்குக்கு மாற்றித் தாருங்கள், அதில் எங்கள் வீடு இருக்கிறது என்று எழுதினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வந்த பதில் மிக மரியாதையாக இருந்தது. தீவை மாற்ற முடியாது. ஆனாலும் உங்களை நாங்கள் மதிக்கிறோம். தயவுசெய்து உங்கள் சொந்த நாட்டில் ஒரு புதிய கணக்கைத் திறந்து, புதிதாகத் தொடங்குங்கள்.

சரி, தொடங்குகிறேன் என்று கேம் பெட்டியைப் போட்டேன். போன தடவை நாட்டைத் தெரிவு செய்தது நானா. நான் அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. ஆங்கில அகர வரிசையில் கீழே கீழே இறக்கினேன். சிங்கப்பூர் வந்தது, தென்னாபிரிக்கா வந்தது, ஸ்பெயின் வந்தது. ஸ்பெயினுக்கு அடுத்தது சுவீடன். தவறவிட்டுவிட்டேனோ என்று மேலே ஏற்றி மறுபடி இறக்கினேன். ஸ்பெயின், சுவீடன். பிள்ளைகளிடம் இலங்கையை உலகப் படத்தில் காட்டச் சொல்லிக் காட்டத் தெரியாதவர்களை நான் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

"நம்ம நாடு வந்துருச்சா?" என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டார். இல்லை என்றேன். அவர் வெளியிலேயே கிடந்த காகிதத்தைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, ஓரத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார்.

அதற்குள் பழைய பதிப்பையும் நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டரைக்குத் தங்கச்சி போனில் அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணிக் கடைக் கதையில் கொஞ்சம் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"கட்டார் இருக்குதாக்கா அந்த லிஸ்ட்ல?"

"இருக்கு."

"அப்ப என் ரூம் அட்ரஸப் போட்டுத் தெற. நான் நெசமாவே இங்கதானே இருக்கேன்."

"கட்டார் வெலைக்கு என்னால வாங்க முடியாதுடி. வாங்குனாலும் வெறுந் தீவுதான் தருவானுங்க."

அவள் அறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததாலோ என்னவோ, போன் குரலுக்கே திரும்பிவிட்டாள். அப்பா சாப்பிட்டாரா என்றாள், சாப்பிட்டார் என்றேன். நீ சாப்பிட்டாயா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். சுப்பர்வைசர் இப்போது எப்படி என்று நான் கேட்டதற்கு, எல்லாம் நல்லா இருக்கு என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"வீட்ட ஒரு போட்டோவாவது எடுத்து வச்சியாக்கா?"

மூன்று வருடத்தில் ஒன்றுகூட எடுக்கவில்லை. லயத்தை விட்டு இறங்கிய அன்றைக்கும் எடுக்கவில்லை. நம் வீடுதானே, எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.